அனானிகளின் தளத்தில் பெயர் தெரிந்த ஒரே ஆள்

இணையத்தில் பெயர் சொல்லாமல் எழுதுகிறவர்களை எல்லாம் நாம் ஒரே கணக்கில் சேர்த்துவிடுகிறோம். உண்மையில் அதில் வகைகள் உண்டு. புனைபெயரில் எழுதுகிறவர் ஒரு வகை. அவருடைய சொந்தப் பெயர் நமக்குத் தெரியாது. ஆனால் நேற்று சண்டை போட்டவரும் இன்று கவிதை போட்டவரும் ஒரே ஆள் என்பது தெரியும். நாளாக ஆக அந்தப் பெயருக்கு ஒரு மதிப்போ கெட்ட பேரோ சேரும். எந்தப் பெயரும் போடாமல் எழுதுகிறவர் இன்னொரு வகை. தமிழ் வலைப்பதிவுக் காலத்தில் அனானி என்றார்களே, அவர்தான். பத்து அனானிகள் பத்துப் பேரா, ஒரே ஆளா என்று வாசிப்பவருக்குத் தெரியாது. இவை இரண்டையும் தாண்டி, தளத்தை நடத்தும் சர்வருக்கே ஆள் யாரென்று தெரியாதபடி எழுதுவது மூன்றாவது வகை. அது மிகவும் கடினம். பெரும்பாலானவர்கள் இரண்டாவது வகையில் இருந்துகொண்டு, மூன்றாவதில் இருப்பதாக நினைத்துக்கொள்கிறார்கள்.

இந்த வேறுபாடுகளைப் புரிந்துகொள்ள ஃபோர்சான் என்ற தளமும் அதைத் தொடங்கிய கிறிஸ்டோஃபர் பூலின் கதையும் போதும். தளத்துக்கு நல்ல பேர் கிடையாது, அதற்குக் காரணங்களும் உண்டு. அதையும் பார்ப்போம்.

2003 அக்டோபர் 1 அன்று ஃபோர்சான் தொடங்கியபோது பூலுக்கு 15 வயது. நியூயார்க்கில் அம்மா வீட்டில் இருந்த பள்ளி மாணவர். ஜப்பானிய அனிமே கார்ட்டூன்களில் பைத்தியம். 'சம்திங் ஆஃபுல்' என்ற அமெரிக்கத் தளத்தில் அனிமே ரசிகர்களோடு அரட்டை அடித்துக்கொண்டிருந்தவருக்கு, ஃபுடாபா சேனல் என்ற ஜப்பானியத் தளம் கண்ணில் பட்டது. அங்கே யார் வேண்டுமானாலும் ஒரு படத்தைப் போட்டுப் பேச்சைத் தொடங்கலாம். மற்றவர்கள் படத்தாலோ சொல்லாலோ பதில் போடலாம். கணக்குத் தொடங்க வேண்டாம், மின்னஞ்சல் கொடுக்க வேண்டாம். பூல் அந்தத் தளத்தின் நிரலை எடுத்தார். அவருக்கு ஜப்பானிய மொழி தெரியாது. அன்றைக்கு இணையத்தில் இலவசமாகக் கிடைத்த பேபல்ஃபிஷ் மொழிபெயர்ப்புக் கருவியில் போட்டு, ஜப்பானியச் சொற்களை ஆங்கிலமாக்கித் தன் தளத்தைத் தொடங்கிவிட்டார். அவ்வளவுதான் முதலீடு. தன்னை 'மூட்' என்று அழைத்துக்கொண்டார். அடுத்த ஐந்து ஆண்டுகளுக்கு உலகத்துக்குத் தெரிந்தது அந்தப் பெயர் மட்டும்தான்.

ஃபுடாபாவும் திடீரென்று முளைத்ததல்ல. 1999இல் ஹிரோயுகி நிஷிமுரா என்ற ஜப்பானிய மாணவர், அமெரிக்காவின் அர்கன்சா மாநிலத்தில் படித்துக்கொண்டிருந்தபோது 2சேனல் என்ற தளத்தைத் தொடங்கினார். அது வெறும் எழுத்து மட்டும் உள்ள, பெயர் கேட்காத பலகை. ஜப்பானில் காட்டுத்தீயாகப் பரவியது. 2001இல் 2சேனல் மூடப்பட்டுவிடும் என்று ஒரு பேச்சு கிளம்பியபோது, ஒதுங்க இடம் வேண்டும் என்று சிலர் தொடங்கியதுதான் ஃபுடாபா. நிஷிமுராவின் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் வருவார்.

சரி, தளம் எப்படி இயங்கியது? பெயர் கேட்காதது அதில் ஒரு பகுதிதான். மறப்பது இன்னொரு பகுதி.

தளம் பல பலகைகளாகப் பிரிந்திருக்கும். அனிமேவுக்கு ஒன்று, வீடியோ கேமுக்கு ஒன்று, எதையும் பேச 'பி' என்ற பலகை. ஒவ்வொரு பலகைக்கும் குறிப்பிட்ட எண்ணிக்கையில்தான் பக்கங்கள். நீங்கள் புதிதாக ஒரு இழையை, அதாவது ஒரு பேச்சுத் தொடரைத் தொடங்கினால் அது முதல் பக்கத்தின் உச்சியில் நிற்கும். அடுத்தவர் தொடங்கியதும் உங்களுடையது ஒரு படி கீழே இறங்கும். யாராவது பதில் போட்டால் மறுபடி உச்சிக்கு ஏறும். யாரும் சீண்டாவிட்டால் கீழே போய்க்கொண்டே இருந்து, கடைசிப் பக்கத்தின் அடியில் இருந்து விழுந்துவிடும். விழுந்தால் அழிந்தது; பழையதைத் தேடி எடுக்கத் தளத்தில் அன்று கிடங்கு எதுவும் கிடையாது. நன்றாக ஓடுகிற இழையும் என்றென்றைக்கும் உச்சியில் நிற்க முடியாது. குறிப்பிட்ட எண்ணிக்கை பதில்கள் வந்த பிறகு, எத்தனை பேர் பேசினாலும் அது மேலே ஏறாது.

எம்.ஐ.டி. உள்ளிட்ட பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 'பி' பலகையின் இரண்டு வாரப் பதிவுகளை, ஏறத்தாழ 56 லட்சத்தை, சேகரித்துப் பார்த்து 2011இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். பாதி இழைகள் 3.9 நிமிடத்துக்குள் மறைந்துபோயின. முதல் பக்கத்தில் ஓர் இழை நிற்கும் நேரம், நடுவாக எடுத்தால் 5 விநாடி. பதிவுகளில் 90 விழுக்காடு 'அனானிமஸ்' என்ற தானியங்கிப் பெயரில் வந்தவை. பெயர் எழுதும் கட்டம் காலியாக அங்கேயேதான் இருந்தது. விரும்பினால் எழுதலாம். பெரும்பாலானோர் எழுதவில்லை. எழுதினால் கேலிதான் மிஞ்சும்.

அடையாளம் காட்டியே ஆக வேண்டும் என்கிறவர்களுக்கு ஒரு வழி இருந்தது. பெயரை எழுதி, ஒரு # குறி போட்டு, ஒரு ரகசியச் சொல்லைத் தட்டினால், சர்வர் அந்தச் சொல்லைக் கலைத்துப் புரியாத எழுத்துக் கோவையாக்கிப் பெயருக்குப் பக்கத்தில் காட்டும். அதே சொல்லைத் தட்டினால்தான் அதே கோவை வரும். கணக்கே தொடங்காமல் 'இது நான்தான்' என்று நிரூபிக்கலாம். இதற்கு டிரிப்கோடு என்று பெயர். ஓவியம் வரைகிறவர்கள், தொடர்கதை போடுகிறவர்கள் பயன்படுத்தினார்கள். மற்றவர்களுக்குத் தேவைப்படவில்லை.

இந்த மறதிதான் தளத்தின் உற்பத்தி எந்திரம் என்று நினைக்கிறேன். ஒரு நகைச்சுவை பிழைக்க வேண்டுமானால், அது அழிவதற்குள் யாராவது அதைத் தன் கணினியில் சேமித்து நாளைக்கு மறுபடி போட வேண்டும். பிடித்ததை மட்டும்தான் மனிதர்கள் சேமிப்பார்கள், போடும்போது கொஞ்சம் மாற்றியும் போடுவார்கள். ஆயிரம் முறை செத்துப் பிழைத்த பிறகு மிஞ்சுவதுதான் மீம். பூனைப் படத்தில் தப்பும் தவறுமான ஆங்கிலம் எழுதும் 'லால்கேட்' அங்கேதான் ஊறியது. ஏதோ முக்கியமான இணைப்பு என்று நம்பிச் சொடுக்கினால் ரிக் ஆஸ்லியின் 1987ஆம் ஆண்டுப் பாட்டு ஓடும் 'ரிக்ரோல்' குறும்பு 2007இல் கிளம்பியதும் அங்கேதான். யார் கண்டுபிடித்தது என்று உரிமை கொண்டாட ஆள் கிடையாது. உரிமை இல்லாததால் எவரும் எடுத்து மாற்றலாம். ஒரு முறை அசடு வழிந்தால் வாழ்நாள் முழுக்க அது பெயரோடு ஒட்டிக்கொள்ளாது என்பதால் எதையும் முயன்று பார்க்கலாம்.

எதையும் என்றால் எதையும்தான். அதே ஏற்பாடு வக்கிரத்துக்கும் வசதியாகத்தான் இருந்தது. இனவெறி, பெண் வெறுப்பு, யாரோ ஒருவரைக் குறிவைத்து அவர் வீட்டுத் தொலைபேசி வரை தோண்டித் துன்புறுத்துவது எல்லாம் அங்கே அன்றாடம் நடந்தன. இதைத் தளத்தின் ஓரத்து அழுக்கு என்று ஒதுக்கிவிட்டு மீம்களை மட்டும் கொண்டாடுகிறவர்களை என்னால் ஏற்க முடிவதில்லை. இரண்டுக்கும் வேர் ஒன்றுதான்.

பெயரில்லாதவர்கள் கூட்டமாகச் சேர்ந்தால் என்ன செய்ய முடியும் என்பது 2008இல் தெரிந்தது. நடிகர் டாம் குரூஸ் சயின்டாலஜி என்ற மத அமைப்பைப் புகழ்ந்து பேசும் ஒரு வீடியோ கசிந்தது. அந்த அமைப்பு அதை இணையத்தில் இருந்து நீக்க முயன்றது. நீக்கச் சொன்னதே கோபத்தைக் கிளப்பிவிட்டது. தளத்தில் இருந்து புறப்பட்ட கூட்டம் முதலில் அமைப்பின் இணையதளத்தைத் தாக்கியது. அப்புறம் பிப்ரவரி 10 அன்று பல நாடுகளின் நகரங்களில் ஆயிரக்கணக்கானோர், 'வி ஃபார் வெண்டெட்டா' படத்தில் வரும் கை ஃபாக்ஸ் (Guy Fawkes) முகமூடி போட்டுக்கொண்டு தெருவுக்கு வந்தார்கள். தானியங்கிப் பெயராக இருந்த 'அனானிமஸ்' அன்றோடு ஓர் இயக்கத்தின் பெயராகிவிட்டது. பூல் அதற்குத் தலைவரல்ல. தலைவர் என்று யாரும் இல்லை.

அதே ஆண்டு ஜூலையில் வால் ஸ்ட்ரீட் ஜர்னலும் டைம் பத்திரிகையும் 'மூட்' யார் என்பதை, அவருடைய பெயரோடு வெளியிட்டன. அதுவும் கேலிக்காகச் சொன்ன பொய்ப் பெயர்தானோ என்று சிலர் சந்தேகப்பட்டார்கள். அந்தத் தளத்துக்கு இருந்த நம்பகத்தன்மை அப்படி.

அடுத்த ஆண்டு டைம் பத்திரிகை, உலகின் செல்வாக்கு மிக்க மனிதர் யார் என்று வாசகர்களிடம் இணைய வாக்கெடுப்பு நடத்தியது. முதலிடம் 'மூட்'. ஒரு கோடியே 67 லட்சத்துக்கு மேல் வாக்குகள். எல்லாம் நிரல் எழுதிக் குவித்த வாக்குகள் என்பது அப்பட்டமாகத் தெரிந்தது. வேடிக்கை அதோடு நிற்கவில்லை. அவருக்கு அடுத்தடுத்து வந்தவர்களையும் சேர்த்து முதல் 21 பேரின் பெயர்களில் முதல் எழுத்துகளை மேலிருந்து கீழாகப் படித்தால் 'மார்பிள்கேக் ஆல்சோ தி கேம்' என்று வந்தது. அவர்களுக்குள் புழங்கிய இரண்டு உள்நகைச்சுவைகள். யார் 17ஆவது வர வேண்டும், யார் 18ஆவது வர வேண்டும் என்பதுவரை கட்டுப்படுத்தியிருக்கிறார்கள். உழைப்பை எங்கே கொண்டுபோய்க் கொட்டினார்கள் பாருங்கள்.

இனி முதலில் சொன்ன மூன்றாவது வகைக்கு வருவோம். 2008 செப்டம்பரில், அமெரிக்கத் துணை அதிபர் வேட்பாளராக இருந்த சாரா பேலினின் யாகூ மின்னஞ்சலுக்குள் ஒரு மாணவர் புகுந்தார். பெரிய தொழில்நுட்பம் எதுவும் இல்லை. பாஸ்வேர்ட் மறந்துவிட்டது என்று சொல்லி, யாகூ கேட்ட பிறந்த தேதி, அஞ்சல் குறியீடு, கணவரைச் சந்தித்த இடம் ஆகிய கேள்விகளுக்குப் பொதுவெளியில் கிடைத்த தகவலை வைத்தே பதில் சொன்னார். புதிய பாஸ்வேர்டை 'பி' பலகையில் போட்டார். பெயர் இல்லை, இழையும் சீக்கிரம் அழிந்துவிடும். ஆனால் அவர் போட்ட ஸ்கிரீன்ஷாட் படங்களில், தன் அடையாளத்தை மறைக்க அவர் பயன்படுத்திய இடைத்தளத்தின் (ப்ராக்ஸி) முகவரி தெரிந்தது. அந்த இடைத்தளக்காரர் பதிவேட்டை எடுத்து எஃப்.பி.ஐ.யிடம் கொடுத்தார். ஆள் பிடிபட்டார்.

2010 ஏப்ரலில் டென்னசி மாநிலம் நாக்ஸ்வில்லில் நடந்த விசாரணையில் பூல் சாட்சிக் கூண்டில் ஏறினார். தளம் எப்படி இயங்குகிறது, அங்கே புழங்கும் சொற்களுக்கு என்ன அர்த்தம் என்று அரசு வழக்கறிஞர் ஒவ்வொன்றாகக் கேட்டார். இழையைத் தொடங்கியவரை எப்படிச் சுருக்கிச் சொல்வார்கள், பதிவு போடாமல் படித்துவிட்டு மட்டும் போகிறவரை என்னவென்று சொல்வார்கள், ரிக்ரோல் என்றால் என்ன என்று 20 வயதைத் தாண்டிய இளைஞர் நீதிமன்றத்துக்கு நிதானமாகப் பாடம் எடுத்தார். இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று. தளத்தில் ஒருவருக்கொருவர்தான் அனானி. சர்வரில் ஒவ்வொரு பதிவுக்கும் ஐபி முகவரி பதிவாகும். நீதிமன்ற ஆணையோடு வந்தால் பூல் கொடுக்கத்தான் வேண்டும். கொடுத்தார். கோடிக்கணக்கான பெயரில்லாதவர்கள் செய்வதற்கெல்லாம் பதில் சொல்ல வேண்டிய, பெயரும் விலாசமும் உள்ள ஒரே ஆள் அவர்தான்.

பணமாவது வந்ததா என்றால், இல்லை. கோடிக்கணக்கில் பார்வை கிடைக்கும் தளம், ஆனால் பெரிய நிறுவனம் எதுவும் தன் விளம்பரத்தை அங்கே வைக்கத் துணியவில்லை. சர்வர் செலவு மட்டும் மாதாமாதம் வந்துகொண்டிருந்தது. விதி மீறிய பதிவுகளை அகற்ற 'ஜானிட்டர்' என்ற தொண்டர்கள் இருந்தார்கள். அவர்களுக்கும் சம்பளம் கிடையாது, தாங்கள்தான் அந்த வேலை செய்கிறோம் என்று வெளியில் சொல்லவும் கூடாது. 2012இல் பூல் 20 டாலர் ஆண்டுச் சந்தா ஒன்றைக் கொண்டுவந்தார். அதைக் கட்டினால் ஒவ்வொரு பதிவுக்கும் 'நான் மனிதன்தான்' என்று நிரூபிக்கும் கேப்சா எழுத்துகளைத் தட்ட வேண்டாம்.

கல்லூரியைப் பாதியில் விட்டுவிட்டு, தன் அனுபவத்தை மேடைகளில் சொல்லத் தொடங்கினார் பூல். 2010இல் டெட் (TED) கருத்தரங்கு மேடையில் பேசினார். அது ஃபேஸ்புக் உச்சத்துக்கு ஏறிக்கொண்டிருந்த காலம். ஒருவருக்கு ஒரே அடையாளம்தான் இருக்க வேண்டும், அது சொந்தப் பெயராக இருக்க வேண்டும் என்பது மார்க் ஸக்கர்பெர்க்கின் கட்சி. பெயரின்றிப் பேசும்போதுதான் மனிதன் பூச்சில்லாமல் பேசுகிறான் என்பது பூலின் கட்சி. 2011இல் சான் பிரான்சிஸ்கோ மேடை ஒன்றில் இதை இன்னும் கூர்மையாக்கினார். கூகுளின் சமூக வலைத்தளமான கூகுள் பிளஸ் அப்போது புதிது. யாரோடு பகிர்கிறோம் என்பதை வட்டம் வட்டமாகப் பிரித்துக்கொள்ளும் வசதி அதில் இருந்தது. யாரோடு பகிர்கிறோம் என்பதல்ல கேள்வி, யாராக நின்று பகிர்கிறோம் என்பதுதான் என்றார் பூல். அலுவலகத்தில் ஒருவராகவும் கல்லூரி நண்பர்களிடம் இன்னொருவராகவும் இருப்பதில் பொய் எதுவும் இல்லை, மனிதர்களுக்குப் பல முகம் இருப்பது இயல்பு என்பது அவர் வாதம். இந்த வாதம் எனக்கு இன்றும் சரியாகவே படுகிறது. அதற்குச் சான்றாக அவர் கையில் இருந்த தளம்தான் சரியான சான்றா என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு.

மேடைப் பேச்சோடு நிற்காமல் கேன்வாஸ் என்ற நிறுவனத்தையும் தொடங்கினார். படங்களை எடுத்து மாற்றி விளையாடும், கொஞ்சம் கண்ணியமான தளம். முதலீட்டாளர்கள் பணம் போட்டார்கள். அதில் உள்ளே நுழைய ஃபேஸ்புக் கணக்கு வேண்டும் என்பதுதான் விசேஷம். நுழைந்த பிறகு பெயரில்லாமல் பதிவு போடலாம். அதாவது மற்றவர்களுக்கு அனானி, நிர்வாகத்துக்குத் தெரிந்த ஆள். ஏழெட்டு ஆண்டுகள் அனானிகளை மேய்த்தவருக்கு அந்தப் பூட்டு தேவைப்பட்டிருக்கிறது! கேன்வாஸ் எடுபடவில்லை. அதே குழு ஐபேடில் படம் வரையும் டிராக்வெஸ்ட் செயலியைக் கொண்டுவந்தது. பல லட்சம் பேர் இறக்கிக்கொண்டும் வருமானம் வரவில்லை. 2014 ஜனவரியில் நிறுவனம் மூடப்பட்டது.

அந்த ஆண்டு பூலுக்கு மோசமான ஆண்டு. ஆகஸ்ட் கடைசியில் நடிகைகளின் அந்தரங்கப் படங்கள் திருடப்பட்டு ஃபோர்சானில் கொட்டப்பட்டன. அதற்குப் பிறகுதான் பதிப்புரிமைப் புகார் வந்தால் நீக்கும் முறையான ஏற்பாடு தளத்துக்கு வந்தது. 11 ஆண்டுகள் தாமதம். அதே சமயம் வீடியோ கேம் துறையில் இருந்த பெண்களைக் குறிவைத்த 'கேமர்கேட்' தொல்லை கிளம்பியது. பூல் அந்தப் பேச்சைத் தளத்தில் தடை செய்தார். அனானிகளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. துரோகி என்றார்கள். கூட்டமாக 8சான் என்ற, இன்னும் கட்டுப்பாடற்ற தளத்துக்குக் குடிபெயர்ந்தார்கள்.

தடை செய்வது எவ்வளவு சிக்கல் என்பதற்கு அவருடைய முந்தைய அனுபவமே சாட்சி. செய்திகளைப் பேச இருந்த பலகை இனவெறியர்களின் கூடாரமாகிவிட்டது என்று 2011 ஜனவரியில் அதை அழித்தார். அதே ஆண்டின் கடைசியில் அரசியலுக்கென்று 'பால்' (pol) என்ற பலகையைத் திறந்தார். அதுவும் அதே வழியில் போய், பின்னாளில் முன்னதைவிடப் பல மடங்கு விஷமானது. 2022இல் அமெரிக்காவின் பஃபலோ நகரில் கறுப்பினத்தவர் பத்துப் பேரைச் சுட்டுக்கொன்றவன் அந்தப் பலகையில்தான் தன் இனவெறியை வளர்த்துக்கொண்டான் என்று நியூயார்க் மாநில அட்டர்னி ஜெனரலின் அறிக்கை சொன்னது. அப்போது பூல் அங்கே இல்லை. பலகையைத் திறந்தவர் அவர்தான்.

2015 ஜனவரியில் விலகுவதாக அறிவித்தார். தளம் ஒரே ஆளை நம்பி நிற்பது ஆபத்து, அந்த ஆள் நான்தான் என்பது அவர் சொன்ன காரணங்களில் ஒன்று. செப்டம்பரில் தளத்தை விற்றார். வாங்கியவர், முதலில் பார்த்தோமே, 2சேனலைத் தொடங்கிய ஹிரோயுகி நிஷிமுரா. எந்தத் தளத்தின் பேரப்பிள்ளையாக ஃபோர்சான் பிறந்ததோ, அந்தத் தாத்தா கைக்கே போய்ச் சேர்ந்தது. நிஷிமுராவிடம் இருந்து 2சேனலின் கட்டுப்பாடு 2014இலேயே பறிபோயிருந்தது என்பது தனிக்கதை.

2016 மார்ச்சில் பூல் கூகுளில் வேலைக்குச் சேர்ந்தார். கூகுள் பிளஸைக் கவனித்துவந்த பிராட்லி ஹோரோவிட்ஸ்தான் அவரை வரவேற்றது. சொந்தப் பெயர் போட்டே ஆக வேண்டும் என்று மூன்று ஆண்டுகள் பிடிவாதம் பிடித்துவிட்டு 2014இல்தான் கைவிட்ட தளம் அது. அப்புறம் கூகுள் மேப்ஸ் உட்பட உள்ளேயே சில பிரிவுகளில் வேலை பார்த்துவிட்டு, 2021 ஏப்ரலில் வெளியேறினார். கூகுளில் இருந்த ஐந்தாண்டில் அவர் பெயரில் பெரிதாகச் சொல்லும்படி எந்தப் பொருளும் வெளிவரவில்லை.

ஃபோர்சான் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. 2025 ஏப்ரலில் யாரோ அதன் சர்வருக்குள் புகுந்துவிட்டார்கள். பல ஆண்டுகளாகப் புதுப்பிக்காமல் விட்ட மென்பொருள். பிடிஎஃப் கோப்பு ஏற்றும் வசதி வழியாக நுழைந்திருக்கிறார்கள். ஜானிட்டர்கள், பதிவுகளைக் கண்காணிக்கும் மட்டுறுத்துநர்கள் ஆகியோரின் மின்னஞ்சல் முகவரிகள் வெளியே கசிந்தன. வெளியில் சொல்லவே கூடாது என்ற விதிக்குக் கட்டுப்பட்டு வேலை செய்தவர்கள் அவர்கள். இரண்டு வாரத்துக்குள் தளம் திரும்பி வந்தது, பிடிஎஃப் ஏற்றும் வசதி இல்லாமல்.